மாமனாரின் மான்தோலும் மைத்துனியின் கச்சேரியும்

புது மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. இந்த ஞானம் பொதுவாக ஒரு வருஷம் தங்கும். அப்புறம் மனைவி அதை மெல்லக் கழற்றிவிடுவாள். எனக்கு ஒரே சாயங்காலத்தில் கழன்றது. அதுவும் தியாகராய நகரில், மாமனார் வீட்டுக் கூடத்தில், தெருவே கூடியிருந்தபோது.

யுத்த காலம். என் மைத்துனி கமலிக்கு ரேடியோவில் பாட முதன்முதலாகச் சந்தர்ப்பம் வந்திருந்தது. மாலை ஆறு மணிக்கு அரை மணி நேரக் கச்சேரி. பெண் பாடுவதைக் காற்றில் கேட்கப் போகிறோம் என்று மாமியாருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. பார்த்தவர்களையெல்லாம் அழைத்துவிட்டாள். முதல்நாள்தான் தெரிந்தது, வீட்டு ரேடியோவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. எதைப் போட்டாலும் கரகரவென்று ஒரே ஜலதோஷம்.

"நான் பார்த்துக்கறேன்" என்றேன். (ரேடியோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், காதைத் திருகினால் பாடும் என்பதுதான்.)

பின்பக்கத்தைத் திறந்தேன். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு தெரிந்தது. அதன் விளிம்பை இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருந்த மெல்லிய தோல் வளையத்தைக் கரப்பான்பூச்சிகள் பாதிக்குமேல் தின்றுவிட்டிருந்தன. ரேடியோக் கடைக்கு ஓடினேன். "சீமைச் சாமான் வரதில்லே சார். தோல் கொண்டாந்தாலும் ஒரு வாரம் ஆவும். கைக்குட்டை மாதிரித் துவளணும், ஊதினா ஆடணும். அப்படித் தோலாப் பாருங்க" என்றார் கடைக்காரர். ஒரு வாரமா? நாளைக்கே கச்சேரி! நானே ஒட்டிவிடுவதென்று தீர்மானித்தேன்.

மறுநாள் காலை ராயப்பேட்டையில் கைப்பை தைக்கும் சாயபு ஒருவரிடம் ஆட்டுத்தோல் துண்டு ஒன்று கிடைத்தது. ஊதினேன், பட்டாம்பூச்சி மாதிரி ஆடியது. இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

வாசலிலேயே மாமியார் மறித்தாள்.

"கையிலே என்ன மாப்பிள்ளை?"

"ஆட்டுத்தோல்."

"சிவ சிவா! பூஜை ரூமுக்கு எதிர்த்தாப்பலே ஆட்டுத்தோலா? ஆத்துக்குள்ளே வரப்படாது!"

"மிருதங்கத்திலே இருக்கிறதும் தோல்தானே?"

"அது வித்தை. இது வெறும் ஆடு."

புது மாப்பிள்ளை மாமியாரோடு தர்க்கம் பண்ணுவதா? தோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அப்போது மாமனார் ஜபத்திலிருந்து எழுந்து வந்தார்.

"எதுக்கு வாக்குவாதம்? மான்தோல்னா தோஷமில்லையே. என் ஆசனத்திலேர்ந்தே ஒரு ஓரம் வெட்டிக்கோங்கோ."

அவர் தினமும் உட்கார்ந்து ஜபிக்கிற மான்தோல்! பரந்த மனசுதான். தோலும் பரந்த தோல்தான்; ஆனால் செருப்புக்கு அடிப்பாகம் போடலாம், அவ்வளவு தடிமன். போதாக்குறைக்கு முழுக்க ரோமம். "இது சரிப்படாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷன் சொல்வானா? "பேஷ், இதுதான் சரி" என்றேன்.

என் மனைவி விசாலம் மட்டும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஊதிப் பார்த்தேளா?" என்றாள். ஊதினேன். என் கன்னம்தான் ஆடியது.

பிளேடு கிடைக்காத காலத்தில், கைவசமிருந்த ஒரே பிளேடால் மானுக்குச் சர்வாங்க சவரம் செய்தேன். மத்தியானம் முழுக்க வெந்நீரில் ஊறப்போட்டதில் தோல் துவண்டது. ஈரத்தோடேயே வளையமாக வெட்டி மைதாப் பசையால் ஒட்டினேன். நாலு மணிக்குப் போட்டால், யுத்தச் செய்தி கணீரென்று வந்தது! மாமனார் என் முதுகில் தட்டினார். "என்ஜினீயர்!" என்றார்.

ஆறு மணி. கூடத்தில் இடமில்லை. கமலி ஆரம்பித்தாள். குரல் தேனாக வந்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரேடியோவுக்குள் வால்வுகள் சூடேறும், ஈரத்தோல் காயும், காய்ந்தால் சுருங்கும் என்பதெல்லாம் குழந்தைக்குக்கூடத் தெரியும். என்ஜினீயருக்குத் தெரியவில்லை. கமலியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. பிறகு மூக்கால் பாடினாள். பிறகு குடத்துக்குள்ளிருந்து பாடினாள். அப்புறம் டப்பென்று ஒரு சத்தம். இறுகிய மான்தோல் இழுத்த இழுப்பில் காகிதக் கூம்பு அப்பளமாகக் கிழிந்திருந்தது.

"என்னாச்சு மாப்பிள்ளை? குழந்தைக்கு மூச்சு பிடிச்சுண்டுடுத்தா?" என்று மாமியார் பதறினாள்.

"அவளுக்கு ஒண்ணுமில்லே. எனக்குத்தான்" என்றேன்.

மாமனார், ஓரம் போன தன் ஆசனத்தைப் பார்த்தார். "என் ஜபமும் போச்சு, அவ பாட்டும் போச்சு" என்றார்.

"பார்க்கிலே ரேடியோ வைப்பாளே! எழுந்திருங்கோ எல்லாரும்!" என்று கத்தினாள் விசாலம்.

பட்டுப் புடவைகளும் மயில்கண் வேஷ்டிகளுமாக ஒரு கூட்டமே தெருவில் ஓடியது. கையில் ஸ்குரூ டிரைவரோடு நான் முன்னால். பார்க் வாசலில் வேர்க்கடலை விற்றவர் திகைத்துப் போனார்.

"இன்னா சாமி, எல்லாரும் ஓடியாறீங்க? எங்கனா குண்டு கிண்டு போட்டுட்டானா?"

"இல்லேப்பா, பாட்டு..."

"அப்போ கம்னு நில்லு நைனா! பொண்ணு பாடிக்கினு கீது, காதுல வுழல?"

கம்பத்து ஒலிபெருக்கியிலிருந்து கமலி முழுக் குரலில் வந்துகொண்டிருந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட யார் தோளும் தன்மேல் படாமல் ஒதுங்கி நிற்கிற என் மாமியார், ரிக்‌ஷாக்காரர்களுக்கு நடுவே புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மங்களம் முடிந்ததும் கடலைக்காரர் பெருமூச்சு விட்டார்.

"யாரு பெத்த புள்ளையோ, இன்னாமா பாடுது!"

"நான் பெத்தது!" என்றாள் மாமியார், பார்க் முழுக்கக் கேட்கும்படி.

அவ்வளவு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்த அந்தப் பெருமை, கூடத்து ரேடியோவில் அவளுக்குக் கிடைத்திருக்காது. இதை நான் என் சாமர்த்தியமாகவே சொல்லிக்கொள்கிறேன், யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் வீட்டுக்கொரு ரேடியோ இருக்கிறது. ஆனாலும் கமலி பாடுகிற அன்றைக்கு எல்லா ரேடியோவையும் அணைத்துவிட்டுப் பார்க்குக்குத்தான் போகிறோம். "அங்கேதான் அவ குரல் நன்னா இருக்கு" என்கிறாள் மாமியார். வழி நெடுக அவள் கையைப் பிடித்து அழைத்துப் போவது என் பொறுப்பு.

பாசமென்று நினைத்துவிடாதீர்கள். நான் வீட்டில் ரேடியோவோடு தனியாக இருக்கக்கூடாதாம்.