நீலத் தொட்டியில் போட்டால் தீர்ந்ததா?

நீங்கள் கடைசியாகக் குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டது எப்போது? குப்பை போட்டதைக் கேட்கவில்லை. கையை விட்டதைக் கேட்கிறேன்.

நினைவில்லையா? அப்படியானால் 'தொட்டி பக்தர்' என்ற இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்தியே ஆகவேண்டும். பல்கலைக்கழக வளாகங்களில் இது செழித்து வளர்கிறது. இவருக்குச் சாமி கிடையாது, சடங்கு கிடையாது, நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது. ஆனால் மாடிப்படி ஓரத்தில் நிற்கும் மூன்று தொட்டிகளுக்கு முன்னால் வந்ததும் முகத்தில் ஓர் அருள் இறங்கும். பாதித் தேநீர் மிச்சமிருக்கும் காகிதக் கோப்பையோடு நின்று, நீலத்தைப் பார்ப்பார், பச்சையைப் பார்ப்பார், தொட்டியின் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்கமாட்டார், கடைசியில் "எல்லாம் மறுசுழற்சிதானே" என்று நீலத்தில் போட்டுவிட்டு, பூமியைத் தனியாளாகத் தூக்கி நிறுத்திய களைப்போடு நடப்பார். உள்ளே ஒரு வாரக் காகிதம் தேநீரில் குளிக்கும். நனைந்த மூட்டையை எடுக்கப் பழைய காகிதம் வாங்கும் வண்டிக்காரர் மறுப்பார். அத்தனையும் குப்பைமேட்டுக்குப் போகும். பக்தருக்கு என்ன? போட்டாயிற்று, புண்ணியம் வந்தாயிற்று.

நான் அறிந்த பக்தர் ஒரு பேராசிரியர். குப்பையைப் பிரிப்பது பற்றி ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசக்கூடியவர். அப்படிப் பேசி முடித்த ஒருநாள், குடிக்காத தண்ணீரோடு இருந்த கண்ணாடி டம்ளர் கைபட்டு உடைந்தது. நல்ல மனிதர் அல்லவா! சில்லுகளைப் பொறுக்கி, தம் உரையின் தாள்களிலேயே பத்திரமாகச் சுற்றி, நீலத் தொட்டியில் பூப்போல வைத்தார்.

மறுநாள் அந்தத் தாள்களை அமுக்கி மூட்டை கட்டும்போது, துப்புரவு வேலை செய்யும் அம்மாளின் உள்ளங்கை கிழிந்தது. தையல் போட்டுக்கொண்டு, கட்டோடு நேராகப் பேராசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"சார், கண்ணாடிய இப்படியா போடுவாங்க?"

"பேப்பர்ல சுத்தித்தானேம்மா போட்டேன்!"

"அதான் சார் வினையே. சுத்தாம போட்டிருந்தா கண்ணுல பட்டிருக்கும்."

"வெளிய இருக்கறது பேப்பர். பேப்பர் நீலத்துலதான் போடணும். ரூல் அப்படித்தானே இருக்கு?"

"ரூல் உங்களுது, தையல் எனக்கா?"

"சரி, நீங்க கையுறை போட்டிருக்கலாமே?"

"குடுத்தா போடமாட்டேன்னா சொன்னேன்?"

பேராசிரியர் உருகிப்போனார். கையுறை வாங்கிக் கொடுத்தாரா? சே, அவர் தகுதிக்கு அது எவ்வளவு சின்ன வேலை! குழு கூட்டினார். குழு தேநீர் குடித்தது, கண்ணாடிக்கென்று நான்காவதாக ஒரு மஞ்சள் தொட்டி வைக்கத் தீர்மானித்தது, கோப்பைகளை நீலத்தில் போட்டுவிட்டுக் கலைந்தது. தையல் பிரிக்கும் முன்பே அந்த அம்மாள் மஞ்சள் தொட்டியையும் வெறுங்கையால் கிளற வேண்டியதாயிற்று. எப்படியும் ஒருத்தி கிளறுவாள் என்ற தைரியத்தில்தானே இத்தனை படிப்பும் பகட்டாக நடமாடுகிறது? படித்தவன் போடுவான், இன்னொருத்தி பொறுக்குவாள் என்பது எந்த அறிவியலின் விதி?

சிரிக்கிறீர்களா? இன்று காலை பழைய பிளேடைக் காகிதத்தில் மடித்துப் போட்டீர்களே, நல்ல மனதோடு?

எழுந்திருங்கள். அதைத் தேடி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் அடைத்து, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதித் தனியாகக் கொடுங்கள். ஆனால் முதலில் தொட்டிக்குள் கையை விடுங்கள். உங்கள் கையைத்தான். கையுறை இல்லாமல்.