முள்ளெலிக்குக் கூச்சம் அதிகம்

இன்று அந்த முள்ளெலியைக் கண்ணால் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை என்று, கடிகாரக்காரர் புதருக்குப் பின்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

ரிப்பேர் கடையை மூடிவிட்டு அவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்த மூன்றாம் நாளே, தோட்டத்தில் முள்ளெலி ஓடியதாக மனைவி சொன்னாள். அன்றிலிருந்து புல்லை வெட்டவிடவில்லை. சருகைக் கூட்டவிடவில்லை. அது நுழைந்து வர வேலிக்கடியில் ஓட்டை போட்டார். ஈரத்துணி படபடத்தால் மிரளும் என்று துணிக்கொடியை அவிழ்த்தார். பச்சைப் போர்வைக்குள் உட்கார்ந்து மூச்சைக்கூடத் தவணை முறையில் விட்டார். முள்ளெலி வந்தது. அவரைத் தவிர எல்லோர் கண்ணிலும் பட்டது.

நேற்றும் ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, இப்பத்தான் உங்க முதுகுப் பக்கமா போச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா திரும்புவீங்க. திரும்பினா அது ஓடிடும்."

"முந்தாநாளும் இதையேதான் சொன்னே!"

"முந்தாநாளும் திரும்பினீங்களே."

பக்கத்து வீட்டுத் தையல்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "நான்கூட பார்த்துட்டேன், அண்ணே. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி நடக்குது. அவ்வளவு அழகு!"

கடிகாரக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தரையில் தெறித்த மயிரிழை ஸ்பிரிங்கைத் தேடி எடுத்த கண் இது. ஊசியில் நூல் கோக்க ஊரையே கூப்பிடுகிறவள் பார்த்துவிட்டாளாம்! முள்ளெலியாவது, மண்ணாவது. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து காதில் பூச்சுற்றுகிறார்கள்.

அதனால்தான் இன்று மதியமே புதரைச் சுற்றி மண்ணைச் சலித்து, நனைத்து, சீப்பால் வாரி வைத்திருந்தார். வெளிச்சம் மங்கியது. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு மண்டியிட்டுத் தேடினார். ஒரே ஒரு பிராணியின் தடம்தான் இருந்தது. அது அவருடைய செருப்பைப் போட்டிருந்தது.

"அகப்பட்டியா!" என்று வீட்டுக்குள் பாய்ந்தார். "பொய்! அத்தனையும் பொய்!"

"ஷ்ஷ்!" என்றாள் மனைவி.

வீட்டின் மறுபக்கம், சமையலறைப் படியருகே நாற்காலி போட்டு மனைவியும் தையல்காரியும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கீழ்ப்படியில், பல நாளாக அவர் தேடிய அவருடைய சாஸரில், முள்ளெலி சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா இது?"

"நீங்க அங்க உட்கார ஆரம்பிச்சதிலிருந்து. புதர்ல ஏதோ பெருசா ஒண்ணு பதுங்கியிருக்குன்னு பயந்து இந்தப் பக்கம் வந்துடுச்சு, பாவம்."

"முதுகுப் பக்கம் போச்சுன்னியே?"

"இல்லேன்னா எழுந்து வந்துடுவீங்களே."

"வந்தா என்ன? என் வீடு!"

"கடையை மூடின முதல் ரெண்டு நாள் சமையலறைல நின்னீங்களே, ஞாபகமிருக்கா? வெங்காயம் ஒரே அளவுல இல்ல, கரண்டி தப்பான பக்கம் சுத்துது, அடுப்பு லேட்டுன்னு. மூணாம் நாள் இது வந்துச்சு. கடவுளாப் பார்த்து அனுப்பினது."

தையல்காரி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். கடிகாரக்காரர் தானும் ஒரு நாற்காலியை இழுத்தார். அது கிறீச்சிட்டது. முள்ளெலி சட்டென்று பந்தாகச் சுருண்டுகொண்டது.

"பார்த்தீங்களா? அதுக்குக் கூச்சம். நீங்க போய்ப் புதர்ல இருங்க. விரிஞ்சதும் கூப்பிடுறேன்."

அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தார். நன்றாக இருட்டியும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அது மறுபடி சுருண்டுவிடுமாம்.