சிசிலியாவுக்கு இன்னுமொரு கையொப்பம்

தெல்லிப்பழை
12.02.1984

அன்பும் பொறுமையும் நிறைந்த அண்ணைக்கு,

நாங்கள் சுகம். லண்டன் குளிர் உங்களை அதிகம் வாட்டாதிருக்க வேண்டுகிறேன். நீங்கள் அனுப்பிய நாலு ரெனிஸ் மட்டைகளும் பந்துகளும் "ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் விளையாடட்டும்" என்ற குறிப்பும் கிடைத்து மூன்று மாதம். பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். எல்லாரையும் வரவேற்பது இவ்வளவு நாள் பிடிக்கிற வேலையென்று நான் அறியவில்லை.

முதலில் கழகம் அமைத்தார்கள். தலைவர் மார்க்கண்டு மாஸ்ரர், செயலாளர் என் கணவர், இன்னும் ஒன்பது பேர்; பதினொருவரில் ஒருவரும் மட்டையைத் தொட்டதில்லை. தேத்தண்ணி ஊற்றுகிற வகையில் நானும் அங்கத்தவள். "அனைவரும் வருக" என்று பலகை எழுதி, அதன் கீழேயே, சேர விரும்புவோருக்கு இரண்டு அங்கத்தவர் கையொப்பம் வேண்டுமென்றும் எழுதினார்கள். நடுவில் கட்ட வலை இல்லை. மயிலிட்டிக் கடற்கரைக் கிறகோரி தன்ரை பழைய மீன்வலையைச் சைக்கிளில் கொண்டுவந்து கட்டித் தந்தார். கூடவே அவர் மகள் சிசிலியா. அண்ணை, சுவருக்குப் பந்தெறிந்து தனியே விளையாடும் என் மகள், அன்று அந்தப் பிள்ளையோடு பொழுதுபடும்வரை ஆடிவிட்டு வந்து, பிட்டை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஏழு வயதில் பதினாறு கிலோ உள்ள பிள்ளையின் தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயமென்று உங்களுக்கு விளங்கும்.

அடுத்த நாளே சிசிலியாவுக்கு விண்ணப்பம் எழுதி ஒரு கையொப்பத்தை நானே வைத்தேன். மற்றதற்கு வீடு வீடாக ஏறி இறங்கினேன். "நல்ல பிள்ளைதான் தங்கச்சி, ஆனா மயிலிட்டி தூரமெல்லோ," என்றார் மாஸ்ரர். மட்டை வந்த லண்டன் கிட்ட போலும். கடைசியில் இவரிடம் நீட்டினேன். "நான் செயலாளர், ஞானம். நடுநிலையா இருக்கவேணும்," என்று பேனையை மூடினார்.

சனிக்கிழமை கிறகோரி வந்தார். பலகையை ஒருதரம் வாசித்தார். வலையை அவிழ்க்கத் தொடங்கினார்.

"என்ன கிறகோரி, உது கழகத்தின்ரை வலையெல்லோ?" என்று ஓடிவந்தார் மாஸ்ரர்.

"ஓம் ஐயா. உந்த வலையைக் கழகத்திலை சேர்க்கக் கையொப்பம் வைச்ச ரெண்டு பேர் ஆரெண்டு சொல்லுங்கோ, விட்டிட்டுப் போறன்."

அவர் வலையைச் சைக்கிளில் கட்டும்போது என் மகள் நாலு மட்டைகளையும் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். நான் தடுக்கவில்லை.

இப்போது மயிலிட்டி மாதா கோயில் வளவில் நாற்பது பிள்ளைகள் முறைவைத்து விளையாடுகிறார்கள். பலகை இல்லை. கிறகோரியின் மனைவி மார்கிரட் அக்கா வாசலில் நின்று, "ஏன் நிக்கிறியள், உள்ளை வாங்கோ," என்பா, விதி அவ்வளவுதான். மகளைப் பின்னேரங்களில் நானே கூட்டிப்போகிறேன். இங்கே கழகம் வலையில்லாமல் கிழமைதோறும் கூடுகிறது.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. தலையை மூடிக்கொண்டு வெளியே போங்கோ.

உங்கள் தங்கை
ஞானாம்பிகை

பி.கு: பதில் எழுதும்போது மயிலிட்டி என்ற சொல்லே வரவேண்டாம், இங்கே கடிதங்களை என் மாமிதான் முதலில் பிரிக்கிறா. பிள்ளை தேவாரம் படிக்கப் போகிறாளென்று சொல்லிவைத்திருக்கிறேன். சிசிலியா எங்கள் வீட்டுக்கு எப்போது வரலாமென்று மகள் தினமும் கேட்கிறாள். மாமி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அவ கடைசியாக ஊரைவிட்டுப் போனது எழுபத்திரண்டில்.