சாய்மாவின் பீக்கர்

தையல் மெஷினை மிதித்தால் பீக்கர் ஆடியது. மிதிக்காவிட்டால் தி.நகர் கடைக்காரர் போனில் ஆடினார்.

அக்பர் பாஷா காலை எடுத்துவிட்டு அலமாரியின் மேலே பார்த்தான். பீக்கரில் தெளிந்த கரைசல். வாயில் ஊசித்துளை போட்ட பாலிதீன் தாள். உள்ளே நூலில், கற்கண்டுச் சில்லு அளவில் ஒரு படிகம் தொங்கியது. அவன் மனைவி சாய்மா விட்டுப்போனது.

சாய்மா அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. கரிமப் படிகங்களை வளர்த்து, அவை வெளிச்சத்தை எவ்வளவு விடுகின்றன, மின்சாரத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று அளப்பது அவள் வேலை. டெங்கு வந்து, ஆஸ்பத்திரி மாறி ஆஸ்பத்திரி போய், போயே போய்விட்டாள். "அவ வேலை இன்னா ஆவும் சார்?" என்று அக்பர் பாஷா கல்லூரிக்கு நடையாய் நடந்ததில், அவளுடைய கைடு சித்தார்த்தன் மனமிரங்கி இந்தப் பீக்கரைக் கொடுத்திருந்தார்.

"லேப்ல பெயிண்ட் அடிக்கப்போறாங்க. நீங்களே வீட்டுல வச்சுக்குங்க. ஆடக்கூடாது, சூடு படக்கூடாது, தூசி விழக்கூடாது. நல்லா வளர்ந்ததும் கொண்டாங்க. அளந்து, அவங்க பேர் போட்டே பேப்பர் அனுப்பிடலாம்."

பட்டம் வாங்காமல் போனவளின் பெயர் எங்காவது ஒரு தாளில் அச்சாக வேண்டும். அக்பர் பாஷாவுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மெஷினை நிறுத்தினான். ஆனால் வீடு சைதாப்பேட்டையில், ரயில் பாதையோரம். ரயிலை நிறுத்த முடியவில்லை. ரஜாய்ப் போர்வையை நாலாக மடித்து அதன்மேல் பீக்கரை வைத்தான். ரஜாயிலிருந்து பஞ்சு பறந்தது. ஃபேனை நிறுத்தினான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்காக முன்கூட்டியே வந்திருந்த அக்கா உம்மே ஹானி முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"மவுத்தான வூட்ல ஃபேன் போடக்கூடாதுன்னு எந்தக் கிதாபுல கீது?"

"தூசி விழும் ஆபா."

"வர்ற ஜனம் மயக்கம் போட்டு விழுந்தா பரவால்லியா?"

துக்கம் கேட்க வந்த கரீமுல்லா மாமா பீக்கரை உற்றுப் பார்த்தார்.

"இன்னாப்பா இது?"

"சாய்மாவோட கிறிஸ்டல் மாமா."

"விக்கலாமா?"

"அளக்கலாம்."

"அளந்து?"

"எழுதலாம்."

மாமா மேற்கொண்டு துக்கம் கேட்கவில்லை.

ஆட்கள் கை படாமலிருக்கட்டும் என்று பீக்கரைப் பரணில் ஏற்றினான். பரணுக்கு மேலே தகரக் கூரை. வெயிலில் கரைசல் சூடேறி, மறுநாள் பார்த்தபோது படிகம் பாதியாக இளைத்திருந்தது. ஜுரத்தில் சாய்மா இளைத்ததும் இப்படித்தான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சூடுதானே பிரச்சினை? ஃபிரிட்ஜைத் திறந்தான்.

ஃபிரிட்ஜ் முழுக்க ஃபாத்திஹாவுக்கு வாங்கிய கறி. அதை எடுத்து அடுப்படி மேடையில் வைத்துவிட்டு, பீக்கரை உள்ளே வைத்துக் கதவை மெல்லச் சாத்தினான். யாரும் திறந்துவிடாமலிருக்க, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

கறி நாறிய பிறகுதான் உம்மே ஹானிக்கு விஷயம் தெரிந்தது.

"அடப்பாவி! ஆட்டை வெளிய போட்டுட்டு உப்புத்தண்ணியை ஃபிரிட்ஜ்ல வச்சுக் காவல் காக்குறியேடா! ஜனங்களுக்கு இன்னாத்தப் போடுவேன்?"

"கத்தாத ஆபா. ஆடும்."

அன்று ஃபாத்திஹாவுக்கு வந்தவர்கள் வெறும் சோற்றில் கத்திரிக்காயைப் பிசைந்து சாப்பிட்டார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் கையேந்தி உரக்க துஆ ஓதியபோது, ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து, "கொஞ்சம் மெதுவா ஹஜ்ரத்" என்று ஒரு குரல் வந்தது. துஆ பாதியில் நின்றது. கரீமுல்லா மாமா, பையனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினார்.

எல்லோரும் போனபின் ஃபிரிட்ஜைத் திறந்தான். குளிரில், கரைந்திருந்ததெல்லாம் ஒரேயடியாகப் பிரிந்து, வெள்ளை ரவையாக அடியில் இறங்கியிருந்தது. நூலில் இருந்த படிகம் எது, ரவை எது என்று தெரியவில்லை.

ஒரு தடவை அவளைக் காப்பாற்ற முடியவில்லை. இது இரண்டாவது தடவை.

மறுநாள் பீக்கரைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனான். "மெதுவாப் போ நைனா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, இனி எதற்கு மெதுவாக என்று வாயை மூடிக்கொண்டான்.

லேபில் சித்தார்த்தன் இல்லை. சாய்மாவோடு வேலை பார்த்த ஷீலா மட்டும் இருந்தாள். அவன் துண்டைப் பிரித்தான்.

"கெடுத்துட்டேம்மா. சாய்மா கிறிஸ்டலை நான்தான் கெடுத்துட்டேன். சார்கிட்ட எப்படிச் சொல்வேன்? அவ பேரு இனிமே எப்படி வரும்?"

ஷீலா பீக்கரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அக்காவோட கிறிஸ்டலை அக்காவே அளந்து முடிச்சு, சார் பேர்ல மட்டும் பேப்பரும் வந்தாச்சுண்ணே, கேள்வி கேட்டு வர்றவங்க கையில ஒரு பீக்கரக் குடுத்து வீட்டுக்கு அனுப்பறது சாரோட வழக்கம், எனக்கும் ஒண்ணு குடுத்திருக்காரு."