டச்சுக்காரரிடம் நான் சொன்ன யெஸ்கள்

இருபத்தாறு வயதுவரை 'முடியாது' என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததே இல்லை. (மனத்துக்குள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை வரும்.)

அப்போது மலாக்காவில் ஒரு சின்னக் கணினி நிறுவனத்தில் வேலை. நெதர்லாந்தில் பூ ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி, தன் மென்பொருள் வேலையை வெளிநாட்டுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. முதல் வீடியோ சந்திப்பில் பேச வேண்டியவள் நான். அந்த ஒப்பந்தம் கிடைத்தால் நிறுவனத்தில் இருந்த எங்கள் ஐந்து பேருக்கும் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

அந்த ஊர்க்காரர்கள் எங்களைப் போன்றவர்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஒரே குறுகுறுப்பு. ஒரு வாரம் இணையத்தைத் துழாவினேன். ஒருவர், தம் வேலை ஆசியாவுக்குப் போய்விட்டதாகப் புலம்பியிருந்தார். இன்னொருவர், மலிவாகக் கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்தார். எதைக் கேட்டாலும் 'யெஸ்' சொல்லி அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

கிளேபாங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. மாலை நான்கு மணி. இடுப்புக்கு மேலே கோட்டு, கீழே பூப்போட்ட கைலி. திரையில் பீட்டர் என்ற ஒல்லி மனிதர், சிரிப்பே இல்லாமல்.

வெள்ளிக்கிழமைக்குள் மென்பொருளின் மாதிரி ஒன்றைச் செய்து காட்ட முடியுமா என்றார். யெஸ். அனுப்பிய ஆவணங்கள் புரிந்தனவா? யெஸ். (பாதி டச்சு மொழியில் இருந்தன.) பூக்கள் வாடாமலும் உங்கள் மென்பொருள் பார்த்துக்கொள்ளுமா? அதற்கும் யெஸ்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் இப்போது என்ன கேட்டேன்?"

"யெஸ்" என்றேன்.

தேங்காய் ஷேக் பானம் வாங்கிவந்த அப்பா என் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் முப்பது வருடம் வெள்ளைக்கார இன்ஜினியர்களோடு வேலை பார்த்தவர். கேமராவுக்கு முன்னால் குனிந்து, மலேசியர்களுக்கே உரிய 'லா'வோடு ஆரம்பித்தார்.

"சார், ஃப்ரைடே கேனாட் லா. ஷி கோயிங் நியாலாஸ் வில்லேஜ், மை பிரதர் டாட்டர் வெடிங். டச் ஆல்சோ ஷி டோன்ட் நோ."

பிறகு என்னிடம், "தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா. ஒண்ணும் கடிச்சிட மாட்டாரு."

அவரைத் தள்ளிவிட எழுந்தேன். கைலி முழுதாகத் திரையில் தெரிந்தது.

பீட்டர் அப்போதுதான் சிரித்தார். "எங்கள் அலுவலகத்தில் சிலருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் உண்டு, மறைக்க மாட்டேன். என் பயம் வேறு. இதற்கு முன் இரண்டு நிறுவனத்தார் எல்லாவற்றுக்கும் யெஸ் சொன்னார்கள். வேலைதான் வரவில்லை. உண்மையில் உங்களுக்கு எவ்வளவு நாள் வேண்டும்?"

"தெரியவில்லை. படித்துப் பார்க்கவே இரண்டு வாரம் ஆகும்."

அதைத்தான் முதன்முதலாக எழுதிக்கொண்டார். வெட்கம் போன இடத்தில் மறுபடி குறுகுறுப்பு வந்தது. எங்களைப் போன்ற நிறுவனங்கள் வேறென்ன தவறு செய்கின்றன என்று கேட்டேன். அரை மணி நேரம் சொன்னார். வேலை எங்களுக்கே கிடைத்தது.

சென்ற ஆண்டு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனைப் பிடித்திருக்கிறதா என்று அவன் அம்மா கேட்டார். "யெஸ்" என்றேன்.

"அத்தை, அக்கா யெஸ்ஸ நம்பாதீங்க. அப்பாவ கேட்டுக்குங்க" என்றாள் தங்கை.

அந்த அம்மா நிஜமாகவே அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த யெஸ் உண்மைதான் லா."