டிராகனுக்கு வந்த மஞ்சள் காமாலை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு நாலுமாடிக் கட்டடம். அதன் மூன்றாம் மாடியிலே ஒரே ஒரு புருஷன். அந்தப் புருஷனுக்கு வீட்டிலே சொந்தமென்று ஒரே ஒரு மூலை. ஊர் தைவானில் சியாயி. புருஷன் நான். மூலையில் என் கம்ப்யூட்டர்.

வயசான கம்ப்யூட்டர். பொத்தானை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டிக்கொண்டு வரும்போதுதான் கண் விழித்திருக்கும். அதற்குள்ளே ஒன்பது வருஷமாக ஒரு டிராகன் வளர்க்கிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் டிராகன்தான். ஆனால் வெள்ளிபோல மின்னும்.

புதுவருஷத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று சாயங்காலம் பார்த்தால் டிராகன் மஞ்சள். மேகம் மஞ்சள், கடல் மஞ்சள். போதாக்குறைக்குக் குறுக்கே கோடு கோடாக ஒரு நடுக்கம்.

"காமாலை போலிருக்கு," என்றாள் என் மனைவி யூ-லான், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"கிராபிக்ஸ் கார்டு கோளாறு. உனக்குப் புரியாது."

"புரியலதான். ஆனா பெட்டி செத்துப்போச்சுன்னா சொல்லிடுங்க. அம்மாவோட மசாஜ் நாற்காலியை இங்க கொண்டாந்து போடறேன்னு தம்பி சொல்லிட்டே இருக்கான். இந்த மூலை அளவெடுத்த மாதிரி இருக்கும்."

மாமியாரின் நாற்காலி வந்தால் நாற்காலி மட்டுமா வரும்?

அந்த நிமிஷமே ஒரு சபதம் எடுத்தேன். புதுவருஷத்துக்குள் இந்த மஞ்சளை விரட்டாவிட்டால் நான் இந்த வீட்டுத் தலைவன் இல்லை. மனசுக்குள்தான் எடுத்தேன். யூ-லான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் மந்திரம். எங்கள் ஊரில் எந்த இயந்திரமானாலும் அதன் தலையில் ஒரு பச்சைப் பொட்டலம் சோளத் தின்பண்டம் வைப்போம். அது இருக்கும்வரை இயந்திரம் சொன்ன பேச்சு கேட்கும். பச்சைதான் ஆகும், காலாவதியாகியிருக்கக் கூடாது. தேதி பார்த்துப் புதுசு வாங்கி வைத்தேன்.

"ரெண்டா வாங்கியிருக்கலாமே," என்றாள்.

"எதுக்கு?"

"ஒண்ணு உங்க தலையில வைக்க."

மந்திரம் பலிக்கவில்லை. அடுத்தது வைத்தியம். கார்டுக்கான மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். மஞ்சள். பெட்டியைத் திறந்து, கார்டை உருவி, அதன் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்தேன். எதிர்காலத்தில் பல் வைத்தியம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் தேய்த்தேன். திரும்ப மாட்டி, திரைக்குப் போகும் ஒயரைப் பெட்டியில் செருகி, திருகாணிகளை விரல் சிவக்க முறுக்கினேன். மஞ்சள்.

திறந்த பெட்டிக்குள் யூ-லான் குனிந்து பார்த்தாள். உள்ளே முயல்குட்டி அளவுக்குத் தூசி.

"அடேயப்பா. இவ்வளவு தூசி எங்கேருந்துங்க வருது?"

நல்ல கேள்வி. தூசி வானத்திலிருந்தா வரும்? அறையிலிருந்து வரும். வேரைப் பிடுங்காமல் இலையைக் கிள்ளி என்ன பயன்? சோபாவை நகர்த்திப் பெருக்கினேன். அலமாரிக்குப் பின்னால் பெருக்கினேன். மஞ்சள்.

"சூடா இருக்குமோ? எனக்கென்ன தெரியும். இந்த ஏசி வடிகட்டியைக் கழுவி எவ்வளவு நாளாச்சு?"

கழுவினேன்.

"ஜன்னல் திரை காத்தை அடைக்குதோ என்னமோ."

கழற்றித் துவைத்தேன்.

"கண்ணாடி அழுக்கா இருந்தா வெளிச்சம் மஞ்சளாத்தானே வரும்?"

இது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று அவளிடம் விளக்கினேன். விளக்கிக்கொண்டே கண்ணாடிகளைத் துடைத்தேன். சந்தேகம் என்று வந்துவிட்டால் தீர்த்துவிட வேண்டும் அல்லவா?

வருஷக் கடைசியில் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சுத்தம் செய்வது எங்கள் வழக்கம். ஒவ்வொரு வருஷமும் சரியாக அந்த வாரத்தில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். இந்த வருஷம் கம்ப்யூட்டர் கவலையில் இடுப்பு பிடிக்கவே மறந்துவிட்டது. பாவம், யூ-லான் ஒருத்தி எப்படி இந்த வீட்டைச் சுத்தம் பண்ணி முடிப்பாளோ என்று வருத்தப்பட்டுக்கொண்டே தரையைத் துடைத்தேன்.

தரை காய்ந்தது. நானும் குளித்துவிட்டு வந்தேன். திரையைப் பார்த்தேன். வெள்ளி. அசல் வெள்ளி. டிராகன் சிறகை விரித்துக்கொண்டு நீலக் கடல்மேல் பறந்தது.

"சொன்னேன் பார்த்தியா? தூசிதான்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் யூ-லான். பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் இதைக் கேட்டதே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் கீழ்வீட்டு பெய்-ஜென் வந்து சமையலறைக்குள் நுழைந்தாள். நான் என் மூலையில் இருந்தேன். சுத்தமான வீட்டில் குரல் நன்றாகக் கேட்கிறது.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரி ஒயரைத் தளர்த்திட்டேன். ஆனா மஞ்சளா வரல, ஊதாவா வருது. பரவாயில்லையா?"

"எந்தக் கலரா இருந்தா என்ன, கழுவுவாரு. திரைப் பக்கத்து முனையைத்தானே தளர்த்தின?"

"ஆமாக்கா."

"அப்ப கவலைய விடு. ஆம்பளைங்க பெட்டிப் பக்கத்தை மட்டும்தான் முறுக்குவாங்க."

ஒயருக்கு இரண்டு முனை. இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு வீட்டையே கழுவியிருக்கிறேன்.

பெய்-ஜென் போகும்வரை காத்திருந்து சமையலறைக்குப் போனேன். யூ-லான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் கேட்டுச்சு."

"கேட்கட்டும்னுதான் கதவைத் திறந்து வச்சேன்."

"அப்ப அந்த மசாஜ் நாற்காலி?"

"அதுவா? எங்கம்மா வீட்டு வாசல்ல நுழைஞ்சதோட சரி. கதவை இடிச்சாத்தான் வெளியே வரும். அம்மாவும் அதைவிட்டு எழுந்திருக்க மாட்டாங்க."

கோபம் வரவேண்டிய இடம். கோபத்தைத் தேடினேன். நிம்மதிதான் அகப்பட்டது. நாற்காலி வராது. மாமியார் வரமாட்டார். மூலை என்னுடையது. டிராகனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கேயே உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடித்தேன்.

அப்போது வாசலில் மணி அடித்தது. பெய்-ஜென்னின் வீட்டுக்காரர், காவ் அண்ணன். முகம் வாடியிருந்தது.

"தம்பி, ஸ்கிரீன் முழுக்க ஊதாவாயிடுச்சுப்பா. உனக்கும் இப்படித்தான் ஆச்சாமே. எப்படிச் சரி பண்ணின?"

உள்ளே கத்திச் சத்தம் நின்றது.

அவரும் ஒரு புருஷன். நானும் ஒரு புருஷன். ஒரே ஒரு திருகாணி. ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம்.

"தூசிண்ணே," என்றேன்.

"பெட்டிக்குள்ளயா?"

"பெட்டிக்குள்ள எங்கேருந்து வருது? வீட்டிலேருந்துதானே. அடுப்புக்கு மேல புகை உறிஞ்சுற மெஷின் இருக்கு பாருங்க, அங்கேருந்து ஆரம்பிங்க."

உள்ளே மறுபடி முள்ளங்கி நறுக்கும் சத்தம்.

"நல்லவேளை உன்னைக் கேட்டேன்," என்றார் அண்ணன். "எங்க வாளி ஓட்டை. உன் வாளியைக் கொஞ்சம் குடேன்."

எடுக்கத் திரும்பினேன்.

"வாளியைக் குடுத்துடாதீங்க," என்றாள் யூ-லான் உள்ளேயிருந்து. "பின்பக்க பால்கனி இன்னும் பாக்கி இருக்கு."

காவ் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெறுங்கையோடு படியிறங்கிப் போனார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். இந்தத் தடவை அவள் ஒயரைத் தொடக்கூட இல்லை.