தகவல்: குடும்பத்தினர்

உயிரோடிருந்த மனிதர் ஒருவரை நான் சாகடித்திருக்கிறேன். அதுவும் சொந்தப் பெரியப்பாவை. ஆயுதம், உள்ளங்கை அகலப் பத்திரிகை விளம்பரம். இதற்கு நான் மன்னிப்புக் கேட்பேன் என்று குடும்பத்தில் இன்னமும் சிலர் காத்திருக்கிறார்கள். கேட்கமாட்டேன். நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. (பொய்யே இல்லாமல் எழுதியதுதான் வினை. அதற்கு வருகிறேன்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகம் வழக்கம்போல ஏதோ ஒரு பகிஷ்கரிப்பில் மூடிக்கிடந்தது. கையில் போன், போனில் டேட்டா, தலையில் கனம். இணையக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதலாம், திருத்தலாம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் மற்றவர்களின் கட்டுரைகளில் காற்புள்ளி போட்டேன். பிறகு "சான்று தேவை" என்ற முத்திரையைக் குத்தப் பழகினேன். அது ஒரு போதை. கண்டியில் அடிக்கடி மழை பெய்யும் என்று யாரோ ஒரு பாவி எழுதியிருந்தார். சான்று தேவை! (நான் அதைக் குத்தியபோது எங்கள் கூரைத் தகரத்தில் மழை இடித்துக்கொண்டிருந்தது.) வீட்டிலும் விடவில்லை. பெரியம்மா, "பருப்புல உப்பு கூடிருச்சு" என்றால், "யாரு சொன்னா? எங்க போட்டிருக்கு?" என்பேன். பெரியம்மா அகப்பையைக் காட்டுவார்.

எங்கள் வீடு பிலிமத்தலாவையில். வீட்டின் முன்பகுதியே பெரியப்பாவின் தேத்தண்ணிக் கடை. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸெல்லாம் அதன் வாசலில் புகையைத் துப்பிவிட்டுத்தான் போகும். அந்தக் கடையின் பெருமை கடலை ரொட்டி. அவித்த கடலையைச் செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்து, மெல்லிய ரொட்டிக்குள் வைத்து முக்கோணமாக மடித்துச் சுடுவது. அதைக் கண்டுபிடித்தவர் பெரியப்பாதான். வாலிப வயதில் அவர் ரயிலில் கடலை விற்றவர். ஒரு மழை நாளில் கடுகண்ணாவை ஏற்றத்தில் மண் சரிந்து ரயில் நின்றுபோக, கடலை சுற்றும் காகிதமெல்லாம் நனைந்து கூழாகிவிட்டது. தன் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ரொட்டியைக் கிழித்து அதற்குள் கடலையை மடித்து விற்றார். ஒரு பெட்டிக்குள் தொடங்கியது, எல்லாப் பெட்டியிலிருந்தும் கை நீள ஆரம்பித்துவிட்டதாம்.

இது எங்களுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். தெரியாதது மாதிரி நடித்தவர் ஒருவர்தான். வீதிக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருந்த ராசு மாமா. (உறவு ஒன்றும் கிடையாது. எதிரிக்கும் ஒரு முறை சொல்லிக் கூப்பிட வேண்டுமே.) அவர் ஒரு நாள் தன் கடை வாசலில் பெரிய போர்டு ஒன்றை மாட்டினார்: "ஆதி கடலை ரொட்டி இங்கே மட்டும்."

பெரியப்பா அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு ரொட்டிக் கல்லுக்குத் திரும்பினார். அன்று அவர் போட்ட ரொட்டி ஒன்றுகூட முக்கோணமாக வரவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

உடனே கலைக்களஞ்சியத்தில் "கடலை ரொட்டி" என்று கட்டுரை எழுதினேன். கண்டுபிடித்தவர்: சின்னையா பரமசிவம், பிலிமத்தலாவை. மூச்சு விடுவதற்குள் என் கட்டுரை மேலேயே அந்த முத்திரை விழுந்தது. சான்று தேவை. குத்தியவர் "நடுநிலையாளன்" என்ற புனைபெயரில் உலாவும் ஒரு மூத்த பயனர். எங்கோ பனி பெய்கிற நாட்டில் இருக்கிறார் என்று கேள்வி. சான்று இல்லாவிட்டால் கட்டுரை நீக்கப்படும் என்றும் ஒரு குறிப்பு.

"கண்டுபிடித்தவரே என் பெரியப்பாதான். அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன்" என்று பதில் போட்டேன்.

"அது சொந்த ஆய்வு. ஏற்கப்படாது. அச்சில் வந்த நம்பகமான மூலம் தேவை" என்றார்.

இப்போது சொல்லுங்கள், ரயிலில் கடலை விற்றவரைப் பற்றி எந்தப் பேராசிரியர் நூல் எழுதினார்? எந்தப் பத்திரிகை பேட்டி எடுத்தது? ஆனால் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கிற புத்தி எனக்கு அன்று இல்லை. நானே நாலு பேருக்கு அதே முத்திரையைக் குத்தியவள். சரி, அச்சில்தானே வரவேண்டும், வரவைக்கிறேன் என்று முடிவெடுத்தேன். பெரியப்பாவுக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. ஞாயிறு பேப்பரில் விளம்பரம் போட்டுவிட்டால் அச்சு அச்சுத்தான். "ஞாயிற்றுக்கிழமை சான்று வருகிறது" என்று நடுநிலையாளனுக்குச் சவாலும் விட்டுவிட்டு, பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன்.

குட்செட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேப்பர் முகவர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நான் நீட்டிய தாளைப் படித்தார். அதில் இப்படி எழுதியிருந்தேன்:

"கடுகண்ணாவையைப் பிறப்பிடமாகவும் பிலிமத்தலாவையை வசிப்பிடமாகவும் கொண்ட சின்னையா பரமசிவம் அவர்கள் ஆரம்ப காலத்தில் ரயிலில் கடலை விற்றார். மழை நாளொன்றில் கடலை ரொட்டியை முதன்முதலாக அறிமுகப்படுத்தினார். பின்னர் பிலிமத்தலாவையில் கடையொன்றை நிறுவினார்."

முகவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, எப்ப மோசம் போனவர்?"

"அய்யோ, சாவு இல்லீங்க! பெரியப்பாவோட பிறந்தநாளுங்க."

"பிறந்தநாளோ? அப்ப கடைசியிலை 'நீடூழி வாழ்க' எண்டு ஒரு வரி போடுவம்."

"வேணாங்க. அது பக்கச்சார்பு."

"என்ன சார்பு?"

"நடுநிலை இல்லாமப் போயிரும். அப்புறம் சான்றா எடுத்துக்க மாட்டாங்க."

"பெரியப்பான்ரை பிறந்தநாளுக்கு நடுநிலையா நிக்கிற பிள்ளையை இண்டைக்குத்தான் பாக்கிறன். 'அன்புடன்' எண்டாவது போடட்டோ?"

"அன்பெல்லாம் வேணாங்க."

"'வாழ்த்துகிறோம்'?"

"தகவல் மட்டும் போதுங்க."

"அப்ப ஆர் போடுறது எண்டாவது வேணுமே."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். மூலத்தைக் குறிப்பிடாமல் எதையும் எழுதக்கூடாது என்பது என் வேதம். "தகவல், குடும்பத்தினர்னு போடுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு நான் கொடுத்த படத்தைப் பார்த்தார். அடையாள அட்டைக்கு எடுத்த படம். அந்த வகைப் படத்தில் நம் நாட்டில் எவரும் உயிரோடிருப்பதுபோல் தெரிவதில்லை. "உங்கடை விருப்பம். நாளைக்கு நான் சொல்லேல்லை எண்டு சொல்லாதேங்கோ" என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

சொன்னார்தான். சத்தியமாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். த்ரீவீல்காரர்கள் வீதியோரம், ஊரில் சாவு விழுந்தால் கட்டுகிற வெள்ளைக்கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாயில் நுரையோடு, "யாருண்ணே?" என்று கேட்டேன்.

கொடி கட்டிக்கொண்டிருந்த அண்ணன் என்னைப் பார்த்ததும் உடைந்துபோனார். "மனச தேத்திக்கம்மா. ஒன் பெரியப்பா நல்ல மனுசன். கஷ்டப்படாமப் போய்ட்டாருல்ல?"

சற்று முன்தான் அந்த நல்ல மனுசன் பின்கட்டில் மாவு பிசைந்தபடி, பற்பசையை யார் நடுவில் அமுக்கியது என்று கத்திக்கொண்டிருந்தார். நான் அண்ணனின் கக்கத்திலிருந்த பேப்பரைப் பிடுங்கிப் பிரித்தேன். இரு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் பெரியப்பா. மேலே கறுப்புக் கட்டத்தில் "மரண அறிவித்தல்". கீழே நான் கொடுக்காத ஒரே ஒரு வரி, பேப்பர்காரர்கள் தங்கள் செலவில் சேர்த்தது: "அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திப்போம்." அதற்கும் கீழே, தகவல்: குடும்பத்தினர்.

அந்த நொடியில் எனக்கு விளங்கியது. பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட என்று நம் பத்திரிகைகளில் உயிரோடிருக்கும் எவரையும் எழுதுவதில்லை. வாழ்நாளெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் நான் அந்த நடையைப் படித்திருக்கிறேன். கம்பீரமான, நடுநிலையான தமிழ் என்று நினைத்ததும் கையில் தானாக வந்துவிட்டது. பேப்பர்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வாழ்த்து இல்லை, அன்பு இல்லை, படத்தில் சிரிப்பு இல்லை. வேறு எந்தப் பக்கத்தில் போடுவார்கள்?

அதற்குள் மரண உதவிச் சங்கத்தின் லொறி வந்து பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கத் தொடங்கிவிட்டது. ஹட்டன், மாத்தளை என்று போன் மேல் போன். பெரியம்மா கல்லாவில் உட்கார்ந்தபடி, "இப்பதான் குளிச்சிட்டு வந்தாரு... இல்ல, குளிப்பாட்டல, அவரே குளிச்சாரு!" என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ராசு மாமா வந்தார். கடுகண்ணாவையில் அவர் வீடு. பஸ்ஸில் பேப்பரைப் பார்த்திருக்கிறார். கண் சிவந்து, கையில் சுருட்டிய பேப்பரோடு நேராகப் பெரியம்மாவிடம் போனார்.

"அண்ணி, நான் பாவி அண்ணி. அந்த ரொட்டி அவரோடதுதான். மண்ணு சரிஞ்சு நின்ன அந்த ரயில்ல நானும் இருந்தேன். மொத ரொட்டியத் தின்னவனே நான்தான். தெரிஞ்சே போர்டு மாட்டினேன். அவரு மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்..."

கதிரை இறக்கியவர்களெல்லாம் நின்று கேட்டார்கள். கண்ணாடி அலுமாரிக்குப் பின்னாலிருந்து முகமெல்லாம் மாவோடு, வெளுத்துப்போன உருவமாகப் பெரியப்பா வெளியே வந்தார்.

"மொகத்தப் பாத்தே சொல்லுடா ராசு. சத்தமாச் சொல்லு."

நல்லவேளை, கதிரை வந்திருந்தது. ராசு மாமா அதில் விழுந்தார். வியர்வையைத் துடைத்து, பெரியப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்து, சூடு இருப்பதை உறுதி செய்துகொண்டு முதலில் சொன்ன வார்த்தை இதுதான்: "உசிரோடதான் இருக்கீங்களா? அப்ப நான் சொன்னத மறந்துருங்க."

"மாமா, இத எழுதிக் கையெழுத்து வச்சுத் தருவீங்களா?" என்று போனோடு பாய்ந்தேன். பெரியம்மா என் தலையில் குட்டினார். (தகுந்த குட்டுத்தான். ஆனாலும் அருமையான சாட்சியம் காற்றோடு போனது.)

வந்த சனத்தைச் சும்மா அனுப்ப முடியுமா? எல்லாரும் கதிரையில் உட்கார்ந்து கடலை ரொட்டி சாப்பிட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குச் செத்தவரே பரிமாறினார்.

மத்தியானம் போனைத் திறந்தேன். நடுநிலையாளன் மின்பதிப்பைப் பார்த்துவிட்டு எனக்கு முந்திக்கொண்டிருந்தார். "சான்று கிடைத்தது. நன்றி. கட்டுரை நீக்கப்படாது. கண்டுபிடித்தவர் மறைந்த தகவலையும் சேர்த்துள்ளேன். ஆழ்ந்த அனுதாபங்கள்."

"அவர் சாகவில்லை! என் முன்னால் நின்று வெங்காயம் உரிக்கிறார்!" என்று எழுதினேன்.

"நேரில் பார்த்தது சான்றாகாது."

"படம் எடுத்து அனுப்பட்டுமா?"

"படம் எப்போது எடுத்தது என்பதற்குச் சான்று தேவை."

"பேப்பர் தவறாகப் போட்டுவிட்டது."

அதற்கு அவர் எழுதியதை என்னால் மறக்க முடியாது. "அப்படியானால் அது நம்பத்தகாத மூலம். அதை நீக்கினால் ரொட்டிக்கும் சான்றில்லை. கட்டுரை போய்விடும். என்ன செய்யலாம், சொல்லுங்கள்."

அந்த ஆள் மீது எனக்கு வந்த கோபத்தில் போனை மாவுச் சட்டிக்குள் எறிந்திருப்பேன். கோபத்தின் பாதி, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன் என்பதால் வந்தது. கடைசியில் பெரியப்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பேப்பர்காரர்கள் அடுத்த வாரம் திருத்தம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்ததையும் சொன்னேன்.

பெரியப்பா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "நான் செத்திருந்தா ரொட்டி என் பேர்ல இருக்குமா?"

"இருக்கும்."

"உசிரோட இருந்தா?"

"ரொட்டியே இருக்காது பெரியப்பா."

"கட்டுன பொண்டாட்டி தாலியோட உக்காந்துருக்கேன்!" என்று பெரியம்மா சத்தம் போட்டார். "திருத்தம் போடச் சொல்லுடி!"

"சும்மா இரு. ஒனக்குத் தெரியும்ல நான் இருக்கேன்னு?" என்றார் பெரியப்பா. பிறகு என்னைப் பார்த்து, "திருத்தம் கிருத்தம் ஒன்னும் வேணாம்னு சொல்லிரு புள்ள. நான் செத்தே இருக்கேன்."

இதற்குத்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். எங்களை மாதிரி ஆட்கள் பேப்பரில் வருவது செத்தால்தான் என்ற விதியை நான் போடவில்லை. பேப்பரில் வந்தால்தான் உண்மை என்ற விதியையும் நான் போடவில்லை. இரண்டு விதிக்கும் நடுவில் இருந்த ஒரே வாசல் வழியாக என் பெரியப்பாவை உள்ளே அனுப்பினேன், அவ்வளவுதான். அடுத்த வாரமே ராசு மாமாவின் போர்டில் "ஆதி" என்ற சொல்லின் மேல் பெயின்ட் ஏறியது. அத்தனை கதிரைகளுக்கு முன்னால் அழுதுவிட்டு வேறென்ன செய்வார்? நானும் அன்றோடு யார் கட்டுரையிலும் முத்திரை குத்துவதை விட்டேன். மழை பெய்கிறது என்றால் பெய்யட்டும்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது அளவுக்கு மீறி அளந்தால், ஒரு மூலையிலிருந்து "தகவல்?" என்று குரல் வரும். மற்ற எல்லோரும் சேர்ந்து "குடும்பத்தினர்!" என்பார்கள்.

அந்த அறிவித்தலைப் பெரியப்பா கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். போனில் கட்டுரையைப் பார்த்து வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். கல்லாவில் இருப்பவரைப் பார்ப்பார்கள். மறுபடி படத்தைப் பார்ப்பார்கள்.

"இவரு... ஒங்க அண்ணனுங்களா?"

"இல்லீங்க. நான்தான்."

"செத்துட்டாருன்னு போட்டிருக்கே?"

"பேப்பர்ல போட்டிருந்தா சரியாத்தாங்க இருக்கும்" என்பார் பெரியப்பா. "எத்தன ரொட்டி?"